இரு படங்களும் ஒரு தனிமையும்

திரைப்படம் பார்த்தல் என்பது தமிழரைப் பொறுத்தவரை நெடுங்காலமாகக் கூட்டத்தோடு கூடிய செயலாகவே இருந்து வந்துள்ளது. தோட்டப்புறங்களில் திடலிலே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில், பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சென்று அமர்ந்தனர். பட்டணத்துத் திரையரங்குகளிலும் அந்நிலையே நிலவியது. ஒருவர் சிரித்தால் அரங்கமே சிரித்தது. திரையிலே ஒரு தாய் அழுதால் இருக்கைகளிலே பல முந்தானைகள் நனைந்தன. கூடிச் சிரிப்பதிலும் கூடி அழுவதிலும் ஓர் ஆறுதல் உண்டு. பகலெல்லாம் பால்மரத்தோடு போராடியவர்க்கு அவ்வாறுதல் வேண்டியதாகவும் இருந்தது.

ஆயினும், கூட்டத்தில் அமர்ந்து பார்த்தால் தம்மை முழுமையாகக் காட்டாத படங்களும் உலகில் உள்ளன. அவற்றில் பாட்டில்லை, சண்டையில்லை, கைதட்டத் தக்க வசனமும் இல்லை. அருகிலிருப்பவர் கொட்டாவி விட்டால் அப்படம் அங்கேயே அறுந்துபோகும். அத்தகைய படங்களைத் தனியே அமர்ந்து பார்த்தல் வேண்டும். தனியே பார்ப்பவன் யாருக்காகவும் சிரிக்க வேண்டியதில்லை; யாருக்கும் அஞ்சிக் கண்ணீரை அடக்க வேண்டியதும் இல்லை. திரைக்கும் அவனுக்கும் இடையே வேறொருவரும் இலர். படம் முடிந்த பின்னும் அதைப் பற்றிப் பேசிக் கலைத்துவிட ஆளில்லாமையால், பார்த்தது நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது.

அவ்வாறு தனிமையை வேண்டும் படங்கள் இரண்டு. இரண்டும் ஜப்பானியப் படங்கள். ஒன்று, அகிரா குரோசாவா 1952இல் உருவாக்கிய ‘இகிரு’. அச்சொல்லுக்கு ‘வாழ்தல்’ என்பது பொருள். மற்றொன்று, யசுஜிரோ ஓசு 1953இல் உருவாக்கிய ‘தோக்கியோ கதை’. முதலாவது 143 நிமிடம் ஓடுவது. இரண்டாவது 136 நிமிடம் ஓடுவது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இவ்விரு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் ஒருவர் தனியே பார்ப்பாராயின், மூன்றாம் நாள் காலையில் அவர் தம் அலுவலுக்குப் புறப்படும்போது ஏதோ ஒன்று மாறியிருப்பதை உணர்வார். அம்மாற்றம் யாது என்பதை எண்ணிப் பார்ப்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

‘இகிரு’ படம் ஒரு மனிதனின் முகத்தோடு தொடங்கவில்லை; அவனது வயிற்றை எடுத்த எக்ஸ்ரே படத்தோடு தொடங்குகிறது. அவ்வயிற்றில் புற்றுநோய் இருக்கிறது. அதை உடையவர் அறியார், பார்ப்பவர் அறிவர். அவர் பெயர் கான்ஜி வாத்தனாபே. நகர மன்ற அலுவலகத்தில் ஒரு பிரிவின் தலைவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு நாளும் விடுப்பெடுக்காமல் வேலைக்கு வந்தவர். அவர் முன்னே தாள்கள் மலையாகக் குவிந்துள்ளன. ஒவ்வொன்றிலும் முத்திரை குத்துவதே அவர் தொழில். ஒரு நாள் முத்திரையைத் துடைப்பதற்குத் தாள் தேடி இழுப்பறையைத் திறக்கிறார். அங்கே பழைய திட்டம் ஒன்று கிடக்கிறது. அலுவலகப் பணியைச் சீர்செய்வதற்காக இளமையில் அவரே எழுதியது. அதன் முதல் தாளைக் கிழித்து முத்திரையைத் துடைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்கிறார். ஒரு மனிதனின் இளமைக் கனவு எவ்வாறு மறைந்தது என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

அந்த அலுவலகத்துக்கு ஏழைப் பெண்கள் சிலர் வருகின்றனர். தங்கள் குடியிருப்பில் தேங்கி நாறும் கழிவுநீர்க் குட்டையைத் தூர்த்துக் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைத்துத் தருமாறு வேண்டுகின்றனர். ஒரு பிரிவு அடுத்த பிரிவுக்கு அனுப்புகிறது. அது மற்றொன்றுக்கு அனுப்புகிறது. சுகாதாரம், பொறியியல், பூங்கா, கல்வி என எல்லாப் பலகணிகளையும் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே அப்பெண்கள் வந்து சேர்கின்றனர். இக்காட்சியைப் பார்ப்பவர் சிரிப்பர். பின்னர் அச்சிரிப்பு மெல்ல அடங்கும். ஏனெனில், தாளும் முத்திரையும் ஜப்பானுக்கு மட்டும் உரியவை அல்ல. பள்ளிக்கூடத்து அலுவலக அறையிலும் கோப்புகள் குவிகின்றன. நிரப்பி அனுப்ப வேண்டிய படிவத்துக்கும், வாயிலில் தயங்கி நிற்கும் ஒரு தாய்க்கும் இடையே எதை முதலில் கவனிப்பது என்ற கேள்வி நாள்தோறும் எழுகிறது. படிவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தாய்க்கு நாள் குறித்தவர் இல்லை. ஆகவே பெரும்பாலும் படிவமே வெல்கிறது.

தமக்குச் சில மாதங்களே எஞ்சியுள்ளன என்பதை வாத்தனாபே உணர்ந்ததும் முதலில் தேடியது மகனை. மனைவி இறந்த பின் மறுமணம் செய்யாமல் அம்மகனை வளர்த்தவர் அவர். இருட்டறையில் அவர் அமர்ந்திருப்பதை அறியாமல், மகனும் மருமகளும் அவருடைய சேமிப்பையும் ஓய்வுப் பணத்தையும் கொண்டு புதுவீடு கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகின்றனர். சொல்ல வந்த சொல் அவர் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பிறகு அவர் களியாட்டத்தில் இன்பம் தேடுகிறார். அதுவும் நிறைவு தரவில்லை. இறுதியில், தம் அலுவலகத்தை விட்டு விலகிப் பொம்மைத் தொழிற்சாலையில் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி வழி காட்டுகிறாள். அவள் செய்வது துள்ளி ஓடும் முயல் பொம்மை. அதைச் செய்யும்போது நாட்டிலுள்ள குழந்தைகள் அனைவரோடும் நட்புக் கொண்டதுபோல் இருக்கிறது என்கிறாள் அவள். தம்மாலும் ஒன்று செய்ய முடியும், இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று அவர் எழுகிறார். கழிவுநீர்க் குட்டை திடலாக வேண்டும் என்று முடிவு செய்கிறார்.

இங்கேதான் குரோசாவா யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறார். திடல் எழும் கதையை அவர் வரிசையாகச் சொல்லவில்லை. ஐந்து மாதங்கள் கழிகின்றன, வாத்தனாபே இறந்துவிட்டார். இறப்பு வீட்டிலே அலுவலர்கள் கூடியிருக்கின்றனர். திடல் அமைந்த பெருமை துணை மேயருக்குச் சேர்ந்துவிட்டது. அவ்வேளையில் குடியிருப்புப் பெண்கள் வந்து படத்தின் முன் அழுகின்றனர். அவ்வழுகை அலுவலர்களின் வாயை அடைக்கிறது. மது உள்ளே செல்லச் செல்ல ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்கின்றனர். அவர் எப்படிப் பலகணி பலகணியாகச் சென்று தலை வணங்கி நின்றார், போக்கிரிகளின் மிரட்டலுக்கும் எப்படி அஞ்சாதிருந்தார் என்பதெல்லாம் துண்டு துண்டாக வெளிப்படுகின்றன. இறுதியில் ஒரு காவலர், பனி பெய்த இரவில் அப்புதிய திடலின் ஊஞ்சலில் அவர் பாடிக்கொண்டு ஆடியதைக் கண்டதாகக் கூறுகிறார். கூடியிருந்தோர் அனைவரும், இனி நாமும் அவரைப் போலவே உழைப்போம் என்று கண்ணீரோடு சூளுரைக்கின்றனர். மறுநாள் அலுவலகம் திறக்கிறது. புதிய பிரிவுத் தலைவர் அமர்ந்திருக்கிறார். மனு கொண்டு வந்தவர் அடுத்த பிரிவுக்கு அனுப்பப்படுகிறார். ஒரே ஓர் இளைஞன் பொறுக்காமல் எழுகிறான், சுற்றிலும் பார்க்கிறான், மீண்டும் அமர்கிறான். தாள் மலை அவனை மறைத்துக்கொள்கிறது.

கருத்தரங்குகளிலும் பிரிவுபசார விழாக்களிலும் சூளுரைகள் பல எழுகின்றன. அவை பொய்யானவை அல்ல. எழும் நேரத்தில் உண்மையானவையே. ஆயினும் மறுநாள் காலையைத் தாண்டி நிற்கும் சூளுரை சிலவே. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில், இறுதி மூச்சுத் தடுமாறும் முன்னரே நற்செயலை விரைந்து செய்தல் வேண்டும் என்று அறிவுறுத்துவதன் காரணம் இதுவே. நிலையாமையை அறிந்தவர்க்குக் கண்ணீரைக் காட்டிலும் செயலே கடமையாகிறது. அதைத்தான் ஒரு சிறு திடலும் ஓர் ஊஞ்சலும் கொண்டு குரோசாவா காட்டினார்.

இனி, இரண்டாம் படம். ‘தோக்கியோ கதை’யில் செயல் என்று எடுத்துச் சொல்ல ஏதுமில்லை. ஓனோமிச்சி என்னும் கடற்கரை ஊரில் வாழும் முதிய கணவனும் மனைவியும், தோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க இரயிலேறிச் செல்கின்றனர். மூத்த மகன் மருத்துவன். மகள் முடி ஒப்பனை நிலையம் நடத்துபவள். இருவரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு வேலை இருக்கிறது, அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை வெளியே அழைத்துச் செல்ல நினைத்த மகனுக்கு நோயாளியின் வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. பெற்றோரை எங்கேனும் அனுப்பினால் போதும் என்று எண்ணிய பிள்ளைகள், பணம் போட்டு அவர்களை அத்தாமி என்னும் வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பி வைக்கின்றனர். அங்கே இரவெல்லாம் இளைஞர்களின் ஆரவாரம், முதியவர்களுக்கு உறக்கமில்லை. மறுநாளே திரும்பி வந்தால், மகள் வீட்டில் அன்றிரவு கூட்டம், தங்க இடமில்லை. இறுதியில் தமக்கு வீடே இல்லாமற் போயிற்று என்று அம்முதியவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அச்சிரிப்பைத் தனியே பார்ப்பவனால் தாங்க இயலாது.

அவர்களை அன்போடு நடத்தியவள் ஒருத்தியே. அவள் நொரிக்கோ. போரில் மாண்ட இரண்டாம் மகனின் மனைவி. கணவன் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியும், சிறிய அறை ஒன்றில் அவனது படத்தோடு தனியே வாழ்கிறாள். வேலைக்கு ஒரு நாள் விடுப்பெடுத்து மாமனார் மாமியாருக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறாள். அண்டை வீட்டில் மது இரவல் வாங்கி மாமனாருக்கு ஊற்றுகிறாள். ஊர் திரும்பிய சில நாள்களில் மாமியார் இறக்கிறார். பிள்ளைகள் வருகின்றனர். மகள் துக்க உடையை முன்னெச்சரிக்கையாக எடுத்து வந்திருக்கிறாள். ஈமச் சடங்கு முடிந்த கையோடு, தாயின் உடைகளில் இன்னது தனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். அன்றே எல்லாரும் புறப்பட்டு விடுகின்றனர். நொரிக்கோ மட்டும் சில நாள் தங்குகிறாள். முதியவர் மனைவியின் கைக்கடிகாரத்தை அவளுக்கே கொடுத்து, மறுமணம் செய்துகொள் என்று வேண்டுகிறார். பெற்ற பிள்ளைகளைவிட நீயே எங்களுக்கு நல்லவளாக இருந்தாய் என்கிறார். அவளோ, தான் அத்துணை நல்லவள் அல்லள் என்றும், கணவனை நினையாத நாள்களும் வருகின்றன என்றும் கூறி அழுகிறாள்.

தலைநகரில் வேலையும் வீடும் அமைந்த பிள்ளைகளைப் பார்க்கத் தோட்டத்திலிருந்தும் சிற்றூரிலிருந்தும் பலகாரப் பொட்டலத்தோடு பேருந்தேறி வந்த பெற்றோரை மலேசியத் தமிழர் நன்கு அறிவர். அடுக்குமாடி வீட்டில் எங்கே அமர்வது என்று தெரியாமல், தொலைக்காட்சியை அணைக்கவும் தெரியாமல், எப்போது ஊர் திரும்பலாம் என்று மனத்துக்குள் நாளெண்ணியவர்கள் அவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பிறகு இக்கதை பன்மடங்காயிற்று. ஓசு இதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. பிள்ளைகள் பெற்றோரைவிட்டு மெல்ல விலகுவது இயல்பென்றும், ஒவ்வொருவருக்கும் தத்தம் வாழ்வே முதன்மையாகிவிடுகிறது என்றும் நொரிக்கோ தன் இளைய நாத்தனாரிடம் சொல்கிறாள். அந்த நாத்தனார் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. வாழ்க்கை ஏமாற்றம் தருவதாக இருக்கிறதே என்று அவ்விளம்பெண் கேட்க, ஆம் என்று நொரிக்கோ புன்னகையோடு ஒப்புக்கொள்கிறாள். அப்புன்னகையில் கசப்பில்லை. அதுவே அப்படத்தின் உயர்வு.

ஓசு தம் படப்பெட்டியைப் பெரும்பாலும் தாழ்வாகவே வைத்தார்; பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தை ஒட்டியே அது நிற்கும். அது இங்குமங்கும் ஓடாது. அண்மைக்கும் சேய்மைக்கும் தாவாது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் மூலையில் பாயில் அமர்ந்து நடப்பனவற்றைக் கவனிப்பது போல் அது கவனிக்கிறது. பாயில் அமர்ந்து உண்டு, பாயில் படுத்து உறங்கி வளர்ந்த தமிழர்க்கு அப்பார்வை அயலானதன்று. 2012இல் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலகத் திரைப்பட இயக்குநர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் இப்படமே முதலிடம் பெற்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். பிறரால் எளியராக எண்ணப்படுதல், உயிரையோ பொருளையோ இழத்தல், முன்னைய நிலையினின்று தளர்தல், வறுமையுறுதல் என்பன அவை. மாணவர்கள் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறக்கின்றனர். இவ்விரு படங்களையும் பார்த்தவர்க்கு அவை மறவா. அத்தாமிக்கு அனுப்பப்பட்ட முதியவர்களிடம் முதலாவதைக் காண்கிறோம்; விடியற்காலையில் மனைவியை இழந்து கடலைப் பார்த்து நின்ற கணவனிடம் இரண்டாவதைக் காண்கிறோம். நோயால் தளர்ந்து, கீழ்நிலை அலுவலர் முன்னும் தலை வணங்கிய வாத்தனாபேயிடம் மூன்றாவது விளங்குகிறது. நான்காவதாகிய வறுமையைக் குட்டைக்கரைப் பெண்களிடம் காண்கிறோம். நொரிக்கோவும் வசதியற்றவளே, ஆனால் இருப்பவர்களைவிட மிகுதியாகக் கொடுத்தவள் அவளே. இலக்கணம் வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்பதை வகுப்பறையில் விளக்க இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இவ்விடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. இவை ஜப்பானியப் படங்கள். மலாயாத் தமிழ்க் குடும்பங்களில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்ற சொல் இன்றும் ஆறாத புண்ணின் பெயர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதே ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபருக்குள் முடிக்கப்பட்ட 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் – பர்மா இரயில்பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் பசியாலும் அடியாலும் மாண்டோர் எண்ணிலர். போனவர் திரும்பவில்லை, செய்தியும் வரவில்லை. கல்லறையும் இல்லை. அத்தகைய குடும்பத்தில் பிறந்த ஒருவர், ஒரு ஜப்பானிய முதியவருக்காகக் கண்ணீர் வடிப்பது தகுமா?

ஓசு வெறும் அயலாரும் அல்லர். 1937 முதல் 1939 வரை சீனப் போர்முனையில் படைவீரராக இருந்தவர். 1943இல் படத்துறைப் பணிக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டு, போர் முடிந்த பின் 1946இல்தான் நாடு திரும்பினார். இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி அவர் எடுக்க வேண்டியிருந்த படம் நிறைவேறவில்லை. கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைப் பார்த்தே அவர் பொழுதின் பெரும்பகுதி கழிந்தது. அதே 1943இல், அக்டோபர் 21ஆம் நாள், அதே சிங்கப்பூரின் கேத்தே அரங்கில் நேத்தாஜி சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக இந்திய அரசை அறிவித்தார். தோட்டத் தமிழர் பலர் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அந்நாளில் வடக்கே சயாமில் தமிழர் மடிந்துகொண்டிருந்தனர். இவையெல்லாம் ஒரே காலத்தில், ஒரே நிலப்பரப்பில் நிகழ்ந்தவை.

‘தோக்கியோ கதை’யில் முதியவர்கள் மதுக்கடையில் அமர்ந்து, போரில் மாண்ட தம் மைந்தரை எண்ணிக் கலங்குகின்றனர். போர் போதும் என்கின்றனர். அம்மைந்தர்கள் அயல்நாட்டில் என்ன செய்தனர் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நொரிக்கோவின் கணவன் எந்நாட்டு மண்ணில் யாரோடு என்ன செய்து மாண்டான் என்பதும் சொல்லப்படவில்லை. இம்மௌனத்தைக் குறை என்று சொல்வது நேர்மை. படம் எத்துணைச் சிறந்ததாயினும் அக்குறை மறையாது.

எனினும், நொரிக்கோ தன் சிறிய அறையில் கணவனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சயாமுக்குப் போன கணவனுக்காக இலயத்துத் திண்ணையில் காத்திருந்த தமிழ்ப் பெண் அவளருகே வந்து அமர்வதைத் தடுக்க முடிவதில்லை. ஒருத்தியின் கணவன் படையில் போனவன். மற்றொருத்தியின் கணவன் அப்படையால் இழுத்துச் செல்லப்பட்டவன். இருவரையும் சமமாக நிறுத்துவது அநீதி. ஆனால் காத்திருந்த இரவுகளின் நீளம் ஒன்றே. நொரிக்கோவுக்கு ஒரு கலைஞன் கிடைத்தான். திண்ணையில் இருந்தவளுக்கு அத்தகைய படம் ஒன்று வாய்க்கவில்லை. ஆகவே, அப்படத்தைப் பார்க்கும் தமிழரின் கண்ணீரில் பாதி நொரிக்கோவுக்கு உரியது. மறுபாதி, எவரும் படமெடுக்காத பாட்டிமாருக்கு உரியது. அக்கண்ணீர் பழங்கணக்கைத் தீர்த்துவிடாது. பழங்கணக்கை மறவாமல் பிறர் துயரையும் உணரக் கற்றுக்கொடுத்தால், அக்கலை தன் கடமையைச் செய்ததாகும்.

கூட்டத்தில் இவ்வெண்ணம் எழுவது அரிது. கூட்டத்தில் ஒருவர் வெறுப்பை மட்டும் சொல்வார். மற்றொருவர் பாராட்டை மட்டும் சொல்வார். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உணர்வுகளை ஒரே நெஞ்சில் ஒரே வேளையில் தாங்குவதற்குத் தனிமை வேண்டும். நல்ல நூலைப் படிப்பவரும் தனியேதான் படிக்கிறார். திரைப்படத்தையும் ஒரு நூலைப் போல் பார்க்கலாம் என்பதை இவ்விரு படங்களும் உணர்த்துகின்றன.

ஆயினும் தனிமையில் கற்றது தனிமையிலேயே முடிந்துவிடலாகாது. குரோசாவா, செய் என்கிறார். ஓசு, பொறு என்கிறார். முன்னது இல்லாத பொறுமை சோம்பலாகும். பின்னது இல்லாத செயல் செருக்காகும். நாள்தோறும் பிள்ளைகளின் நடுவே நிற்கும் ஆசிரியர்க்கு இவ்விரண்டும் வேண்டும். ‘தோக்கியோ கதை’யின் முடிவில், அந்த இளம் ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சன்னலருகே செல்கிறாள். நொரிக்கோவை ஏற்றிச்செல்லும் இரயில் கீழே கடந்துபோகிறது. பிள்ளைகள் தம் வேலையில் ஆழ்ந்திருக்கின்றனர். தாயை இழந்து சில நாள்களே ஆன அந்த ஆசிரியை, தன் வகுப்புக்குத் திரும்புகிறாள். அலுவலகத்தில் ஒரு மனுவும் வகுப்பறையில் ஒரு குழந்தையும் எந்நாளும் காத்திருக்கும். திரையில் கண்ட துயரம் அவ்விருவரிடத்தும் சற்று மிகுந்த கனிவாக மாறுமாயின், பார்த்த பொழுது வீணாகவில்லை எனலாம்.